ஆறாவது புகார்

2019 மார்ச் 12, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது மணி நாற்பது நிமிடம், தூறல், காற்றில்லை. குடிநீர் அலுவலகத்தின் மூன்றாம் கவுன்ட்டரில், மிளகாய் என்று அழைக்கப்பட்டவர் தம் சோதனை மாதத்தின் கடைசி நாளைத் தொடங்கினார். அந்தப் பெயரைப் பெற்றோர் வைக்கவில்லை. வரிசையில் நின்றவர்கள் வைத்தார்கள்.

பதினோராண்டுகள் அதே கவுன்ட்டரில் வாய்க்கு வந்ததைப் பேசியதன் பயனாக, ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் மேலிடத்துக்கே கடிதம் எழுதினார். மிளகாய் பழைய கோப்பு அறைக்கு அனுப்பப்பட்டார். அங்கே திட்டுவதற்குக் கரப்பான் பூச்சிகள் மட்டுமே இருந்தன. அவையும் பதில் பேசவில்லை. இரண்டாண்டு கழிந்தது. மனைவியோடு சபைக்குப் போனார், ஞானஸ்நானம் பெற்றார், ஆண்டவர் தம்மை மாற்றிவிட்டதாக நம்பினார். அந்த நம்பிக்கையை விண்ணப்பமாகவே எழுதி, மீண்டும் கவுன்ட்டர் வேண்டும் என்று மேலாளர் அம்மையாரிடம் நீட்டினார்.

“ஆண்டவர் மாத்திட்டாருன்னு எழுதியிருக்கீங்க. அவரு கையெழுத்துப் போட்ட சான்றிதழ் ஏதாவது இருக்கா?”

“ஒரு மாசம் உக்கார வெச்சுப் பாருங்கம்மா.”

“சரி. உங்க மேல அஞ்சு புகாருக்கு மேல வந்தா மறுபடி கோப்பு ரூம்தான். அப்புறம் இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது.”

வீட்டில் மனைவி அதைவிடக் கண்டிப்பானவர். “பாஸ்டர் முக்கி எடுத்தப்போ உங்க வாய் மட்டும் தண்ணிக்கு மேல நின்னுச்சு. நான் பாத்தேன்.”

அந்த அலுவலகத்தில் ஒரு நடைமுறை உண்டு. எந்த ஊழியர்மீது புகார் வந்தாலும் மூன்றாம் கவுன்ட்டரில்தான் வாங்கி, பதிவேட்டில் எழுதி, முத்திரையிட வேண்டும். ஆகவே மிளகாய்மீதான புகாரை மிளகாயே வாங்க வேண்டும். பழைய பதினோராண்டுப் பதிவேட்டில் அவர்மீது ஒரு புகாரும் இல்லை. வேலியே பயிரை மேய்ந்த கதைதான்; கொண்டுவந்தவர்கள் வசவு வாங்கிக்கொண்டு திரும்பிப் போனார்கள்.

இந்த மாதம் ஐந்து புகார்கள், ஐந்தும் அவர் கையெழுத்தில். முழங்கால் வலியென்று ஒருவர் சொல்ல, மிளகாய் கண்மூடி ஜெபித்தார். பின்னால் நின்றவர் ‘ஊழியர் தூங்குகிறார்’ என்று எழுதிக் கொடுத்தார். எல்லாரையும் நலம் விசாரித்ததால் வரிசை நகரவில்லை என்று நால்வர் எழுதினார்கள்.

பக்கத்துக் கவுன்ட்டர்க்காரர், மெத்தென்று பேசுவதால் பஞ்சு எனப்பட்டவர், எட்டிப் பார்த்தார். “அண்ணே, அஞ்சுல நிக்குது. இன்னிக்கு ஒருநாள் வாயைப் பூட்டிக்கிட்டு இருந்தா கவுன்ட்டர் உங்களுதுதான்.”

பதினொன்று இருபதுக்கு, ஒன்பது நாளாகக் குழாய் வறண்டுபோன தையற்காரர் ஒருவர் வந்தார். ஈரக்குடையைப் பதிவேட்டின்மேலேயே வைத்தார். “நீங்கல்லாம் மனுஷங்கதானா? இல்ல, நாற்காலிக்குச் சட்டை போட்டு உக்கார வெச்சிருக்காங்களா?”

மிளகாய் இரண்டு நிமிடம் பொறுத்தார். மூன்றாவதில் வாய் முந்திக்கொண்டது. “உங்க மூஞ்சியப் பாத்தா தண்ணி எப்படிய்யா வரும்? தண்ணிக்கும் மானம் இருக்குல்ல.”

கூடம் முழுவதும் சிரித்தது. தையற்காரர் சிரிக்கவில்லை. “அம்மா படுத்த படுக்கை. மூணு மாடி வாளியில தூக்குறேன்,” என்று மட்டும் தாழ்ந்த குரலில் சொன்னார்.

அந்தச் சிரிப்பு மிளகாய்க்கு இனித்தது. பழைய நாளில் இனித்த அதே அளவுக்கு இனித்தது. அதுதான் அவரைத் திடுக்கிட வைத்தது. எழுந்து நின்று, எல்லாரும் கேட்க மன்னிப்புக் கேட்டார். பிறகு ஒரு படிவத்தை நீட்டினார்.

“இப்ப நான் பேசுனதை இதுல எழுதுங்க.”

“விடுங்க சார். ஏதோ கோவத்துல வந்துருச்சு.”

“கோவம் இல்லீங்க. ருசி. அதுதான் தப்பு.”

தையற்காரர் எழுத மறுக்கவே, மிளகாயே ஒரு சொல் குறையாமல் எழுதி, கையெழுத்து மட்டும் வாங்கினார்.

“அண்ணே, சொந்தச் செலவுல சூனியம் வெச்சுக்குறீங்களே,” என்றார் பஞ்சு. “அந்த ஆளே வேணாங்குறாரு. கிழிச்சுப் போடுங்க.”

முத்திரை விழுந்தது.

நான்கு மணிக்குப் பதிவேடு மேலாளர் மேசைக்குப் போனது. அவர் விரல்வைத்து எண்ணினார்.

“ஆறு.”

“ஆறும்மா.”

“கடைசியை எழுதாம விட்டிருக்கலாமே.”

“முன்னாடியெல்லாம் அப்படித்தாம்மா விட்டேன்.”

“அப்போ மாறிட்டீங்கன்னு சொல்றீங்க.”

“வாய் இன்னும் மாறலம்மா. வாய்க்குப் பின்னாடி வர்றது மாறியிருக்கு. மீதிய ஆண்டவர் பாத்துப்பாரு.”

“அந்தக் குழாய்?”

“மதியமே சரி பண்ணியாச்சு. அதுக்கு முன்னாடி ரெண்டு வாளி நானும் தூக்கிக் குடுத்தேன்.”

நாய்வாலை நிமிர்த்த முடியாது என்பது மேலாளரின் இருபத்தாறு ஆண்டுக்கால முடிவு. அதைக் கைவிடும் எண்ணம் அவருக்கு இல்லை. ஆனாலும் எழுதத் தொடங்கினார். ஒரு வரியை அடித்தார். மறுபடி எழுதினார்.

“மூணாவது கவுன்ட்டர் கிடையாது. சொன்னா சொன்னதுதான்.”

மிளகாய் தலையசைத்தார்.

“ஆனா ஊழியர்கள் மேல வர்ற புகாருக்குத் தனிக் கவுன்ட்டர் போடச் சொல்லி மேலிடம் ரெண்டு வருஷமா உசுர வாங்குது. தன் மேலயே எழுதிக்கிட்ட ஆளு அடுத்தவங்களை விடமாட்டாரு. நாளையிலேர்ந்து நாலாவது கவுன்ட்டர் உங்களுது.”

கதவோரம் காதைத் தீட்டிக்கொண்டு நின்ற பஞ்சு உள்ளே தலையை நீட்டினார். “எல்லார் மேலயுமாம்மா?”

“உங்க மேலயுந்தான்.”

மேலாளர் கையெழுத்திட்டு, தேதி எழுதி, மை காயும்வரை ஊதி, தாளை மிளகாயின் கையில் கொடுத்தார்.