சனிக்கிழமை வரைக்கும்

இடது கால் ஷூவை மாட்டி நாடாவை முடிச்சுப் போட்டுவிட்டு, வலது காலைத் தன் மடியில் தூக்கி வைத்தபோதுதான் மாமனாரின் கால் கனப்பது அவனுக்கு உறைத்தது. பக்கவாதம் வந்த பக்கம் அது. பதினான்கு மாதமாகவே கொஞ்சம் கனம்தான். ஆனால் இது வேறு கனம்.

“கொஞ்சம் லேசா விடுங்க மாமா,” என்றான், நிமிர்ந்து பார்க்காமலே.

வழக்கமாக இந்த இடத்தில் ஒரு வசவு வரும். ஊசியில் நூல் கோக்கத் தெரிகிற தையற்காரனுக்கு ஷூவில் கால் கோக்கத் தெரியவில்லையே என்பார். நாற்பது வருடம் பஸ் ஓட்டியவர். கிளம்புகிற நேரத்தில் அரை நிமிடம் தாமதமானாலும் அவருக்குப் பொறுக்காது. இன்று ஒன்றும் வரவில்லை. அவன் நிமிர்ந்தான். மாமனார் நாற்காலியில் சாய்ந்து, மழை வருமா வராதா என்று ஜன்னல் வழியே பார்க்கிற மாதிரியே இருந்தார். வாய் மட்டும் லேசாகத் திறந்திருந்தது.

தெருமுனை மருத்துவர் பத்து நிமிடத்தில் வந்தார். கையைப் பிடித்துப் பார்த்தார், கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார். மூளையில் இன்னொரு அடைப்பாக இருக்கும், ஒரு நொடியில் முடிந்திருக்கும், அவருக்கே தெரிந்திருக்காது என்றார். புதன்கிழமை, காலை ஏழு ஐம்பது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

மனைவி உடற்பயிற்சிக் கூடத்தில் இருந்தாள். அங்கே அவள்தான் பயிற்சியாளர். காலையில் இரண்டு வகுப்பு, சாயங்காலம் இரண்டு. போனில் சொன்னான். “வரேன்,” என்று மட்டும் சொன்னாள். மூன்று கிலோமீட்டர். ஆட்டோவுக்கு நிற்க மாட்டாள், ஓடித்தான் வருவாள் என்று அவனுக்குத் தெரியும். பதினைந்து நிமிடம் இருந்தது.

அந்தப் பதினைந்து நிமிடத்தில் அவன் இரண்டு காரியம் செய்தான். மாமனாரின் காலிலிருந்து ஷூவைக் கழற்றி, அதன் அடியில் ஒட்டியிருந்த செம்மண்ணோடு, தையல் மெஷினுக்குக் கீழே தள்ளினான். அலமாரியில் இருந்த பயிற்சி நோட்டை எடுத்து வெட்டுத்துணி மூட்டைக்குள் சொருகினான். இறந்த மனிதர் பக்கத்தில் இருக்க, இதைப் போய்ச் செய்துகொண்டிருக்கிறோமே என்று தோன்றியது. தோன்றினாலும் கை நிற்கவில்லை.

நோட்டு மனைவி போட்டது. பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரமே கோடு கிழித்துக் கட்டம் போட்டுவிட்டாள். திங்கள் முதல் சனி வரை, காலை எட்டு மணிக்கு ஒரு தடவை, மாலை ஐந்துக்கு ஒரு தடவை. கையைத் தூக்க வேண்டும், மடக்க வேண்டும், விரலை விரிக்க வேண்டும், ஒவ்வொன்றும் பத்துப் பத்து. இரண்டு வேளையும் அவள் வகுப்பில் இருப்பாள் என்பதால் எண்ணுவதும் டிக் போடுவதும் வீட்டிலேயே தைக்கிற மருமகன் பொறுப்பு. ஞாயிறு காலை அவள் நோட்டைச் சரிபார்த்து அடுத்த வாரத்துக்குப் புதுப் பக்கம் திருப்புவாள். கையோடு இன்னொன்றும் சொல்லியிருந்தாள்: ரயில் பாதை ஓரத்தில் நகராட்சி பாத்தி பாத்தியாகப் பிரித்து வாடகைக்கு விடுகிற தோட்டத்தில் அப்பாவுக்கு இருந்த பதினேழாம் பாத்தியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். மேடுபள்ளமான தரை. விழுந்தால் தீர்ந்தது.

முதல் மாதம் ஒழுங்காகத்தான் செய்தார்கள். அவன் ஒன்று இரண்டு என்று எண்ணும்போதே மாமனாரின் முகம் சுண்டிவிடும். தெருவே தெரியாத ஊரில் தன்னைப் பயணியாக உட்கார வைத்துவிட்ட மாதிரி இருக்கிறது என்பார். பாத்தியின் வேலிக்கதவுச் சாவியைக் கொடுக்க அவன் கிளம்பிய அன்று, கடைசியாக ஒரு தரம் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கேட்டார். சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனான். அங்கே அவரைப் பார்த்ததும் பக்கத்துப் பாத்தி தக்காளிக்காரர் ஓடிவந்து, நீங்கள் இல்லாமல் என்னைத் திட்ட ஆளில்லை என்றார். மாமனார் உடனே அவருடைய தக்காளியைத் திட்ட ஆரம்பித்தார். ஒரு மணி நேரம் நிற்கவில்லை. சாவியைத் திருப்பிக் கொடுக்கவே இல்லை.

அதற்குப் பிறகு தினமும் காலை எட்டு மணிக்கு அங்கேதான். அவன் களை எடுப்பான், தண்ணீர் விடுவான். மாமனார் உட்கார்ந்தபடி, கொடியும் செடியும் கட்டுவதற்குக் கயிறு பின்னுவார். வெட்டுத்துணியை நீள நீளமாகக் கிழித்து, மூன்று இழையைச் சேர்த்து, ஒரு முனையை அவருடைய கால்சட்டை முழங்காலில் ஊக்கால் குத்திவிடுவான் மருமகன். மெதுவாக, வலது கை விரல் சொன்னபடி கேட்காமல், ஒரு நாளைக்கு ஒரு சாண் வரும். நாளாக நாளாக ஒரு முழம் வந்தது. தோட்டம் முழுக்க எல்லார் பாத்தியிலும் யாரோ ஒருத்தியின் ரவிக்கைத் துணியில் பீன்ஸ் கொடி ஏறிக்கொண்டிருந்தது. காய்களைச் சந்தையில் வாங்கியதாகச் சொல்லி வீட்டுக்குக் கொண்டுவருவான். இந்தக் கடையையே வைத்துக்கொள்ளுங்கள், காய் நன்றாக இருக்கிறது என்பாள் மனைவி.

நோட்டு? அதை ஞாயிறு சாயங்காலம் இருவரும் உட்கார்ந்து ஒரே மூச்சில் சனிக்கிழமை வரைக்கும் நிரப்பிவிடுவார்கள். அவன் எதையும் ஒழுங்காகச் செய்கிறவன். டிக்கை நீல மையிலும் கறுப்பு மையிலும் மாற்றி மாற்றிப் போடுவான், சிலதைச் சாய்த்துப் போடுவான். யோசனை எல்லாம் மாமனாருடையது. “தினம் சரியா இருந்தா சந்தேகப்படுவா மாப்ள. நடுவுல ஒரு நாள் எனக்கு உடம்பு சரியில்லாம இருக்கட்டும்.” எந்தக் கிழமை என்ன வியாதி என்பதையும் அவரே முடிவு செய்வார்.

சிக்கல் எங்கே வந்தது என்றால், மாமனாரின் விரல் நன்றாகத் தேறியது. கரண்டி பிடித்தார். சட்டைப் பொத்தான் போட்டார். மருத்துவரே ஆச்சரியப்பட்டார். மனைவி அந்த ஞாயிறு காலை பார்க்கிறவர்களிடமெல்லாம் நோட்டைக் காட்டினாள். பிறகு எப்படி உண்மையைச் சொல்வது? சந்தோஷத்தில் அவள் பத்தை இருபதாக்கினாள், ஒரு கிலோ எடை ஒன்றும் வாங்கிவந்து கொடுத்தாள். அது மூன்று வாரத்துக்கு முன்னால். அந்த எடையைப் பாத்தியின் வேலிக்கதவு காற்றில் அடிக்காமல் இருக்க முட்டுக் கொடுத்திருந்தார்கள்.

மதியத்துக்குள் வீடு நிறைந்துவிட்டது. மாமனாரை முன்னறையில் கிடத்தியிருந்தார்கள். நாளைக் காலை பத்து மணிக்கு எடுப்பதாக ஏற்பாடு. மனைவி அப்பாவின் வலது கைப்பக்கம் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. மாமனாரின் தங்கை, அவளுக்கு அத்தை, வந்ததிலிருந்து அவள் முதுகைத் தடவி, அழுதுவிடு, அடக்கி வைக்காதே என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். மனைவியின் உதடு மட்டும் அசைந்தது. பிரார்த்தனை செய்கிறாள் என்று நினைத்தான்.

அவனுக்கோ கண்ணெல்லாம் வாசலில்தான். எட்டு மணிக்கு ஆளைக் காணோமே என்று தக்காளிக்காரர் போன் செய்தபோது, அந்த நேரத்துப் பதற்றத்தில் சொல்லிவிட்டான். ஒரு மணிக்குத் தக்காளிக்காரர் இன்னும் இரண்டு பேரோடு வந்து நின்றார். வெளுத்த சட்டை, நகத்தில் மண். அவன் ஓடிப்போய் கேட்டிலேயே மறித்தான்.

“உள்ள யாராவது கேட்டா, மாமாவோட பஸ்ல வேலை பாத்தவங்கன்னு சொல்லுங்க.”

“தம்பி, எனக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாது,” என்றார் தக்காளிக்காரர். “என்னைப் பாத்தா டிரைவர் மாதிரியா இருக்கு?”

கண்டக்டர் என்று சொல்லுங்கள் என்றான். அவர் யோசித்துப் பார்த்து, பொய் சொல்ல வரவில்லை, இங்கேயே உட்கார்ந்துகொள்கிறோம் என்றார். கேட்டுக்கு வெளியே மரத்தடியில் மூன்று நாற்காலி போட்டுக் கொடுத்துவிட்டு வந்தான். வரும்போது சட்டை முதுகெல்லாம் நனைந்திருந்தது.

மனைவி அறையில் இல்லை. சமையலறையில், ஜன்னலைப் பார்த்தபடி, குழாயைத் திறந்துவிட்டு நின்றிருந்தாள். தண்ணீர் சும்மா ஓடிக்கொண்டிருந்தது. அவன் மூடினான்.

“எண்ணூறு,” என்றாள்.

“என்னது?”

“மூணு வாரம் ரெண்டு நாள். ஞாயித்துக்கிழமை கழிச்சா இருபது நாள். ரெண்டு வேளை, இருபது இருபதா. எண்ணூறு தடவை அந்த வெயிட்டைத் தூக்கியிருக்காரு. எழுபத்தி மூணு வயசு.” அவள் குரலில் ஏற்ற இறக்கமே இல்லை, வகுப்பில் எண்ணுகிற குரல். “கூட்டாதம்மான்னு அவரு ஒரு வார்த்தை சொல்லல. நான் சொன்னேன்னு செஞ்சிருக்காரு. நான்தாங்க கொன்னுட்டேன்.”

காலையிலிருந்து அவள் உதடு எதை முணுமுணுத்துக்கொண்டிருந்தது என்று அவனுக்கு அப்போது புரிந்தது.

மருத்துவர் சொன்னதைச் சொன்னான். அவருக்கு வீட்டில் நடந்தது தெரியாது என்றாள். எடையினால் இப்படி ஆகாது என்றான். இது உங்கள் வேலை இல்லை, என் வேலை, எனக்குத் தெரியும் என்றாள். நாளைக்கு எடுத்துவிடுவார்கள், அதற்கப்புறமும் இவள் இதே கணக்கை வருடக் கணக்காகப் போட்டுக்கொண்டிருப்பாள் என்று அவனுக்குத் தெரிந்தது.

“அவரு தூக்கவே இல்ல,” என்றான்.

அவள் திரும்பினாள்.

“ஒரு தடவைகூடத் தூக்கல. இந்த இருபது நாள் மட்டுமில்ல, ஒரு வருஷமா எதையுமே செய்யல. டிக்கெல்லாம் நான் போட்டது.”

“என்னைத் தேத்தறதுக்காகச் சொல்லாதீங்க.”

“சத்தியமா.”

“வேணாம்ங்க. அவரு விரல் எப்படித் தேறுச்சு? நோட்டுல எல்லாம் இருக்கு. நீங்க இப்படியெல்லாம் சொல்லாதீங்க, எனக்கு இன்னும் கஷ்டமா இருக்கு.”

அவளை நம்பவைக்க அவனிடம் ஒன்றுதான் இருந்தது. தையல் அறைக்குப் போய், துணி மூட்டைக்குள் கையை விட்டு நோட்டை எடுத்துவந்து, இந்த வாரப் பக்கத்தைப் பிரித்து அவளிடம் நீட்டினான். இனி இந்த வீட்டில் தன் பேச்சை யாரும் நம்பப்போவதில்லை என்று நினைத்தான்.

அவள் பார்த்தாள். திங்கள், டிக். செவ்வாய், டிக். விரல் புதன்கிழமையில் வந்து நின்றது. காலை எட்டு மணி, டிக். மாலை ஐந்து, டிக். சுவர்க்கடிகாரத்தைத் திரும்பிப் பார்த்தாள். மணி இன்னும் இரண்டு ஆகவில்லை. விரல் வியாழனுக்குப் போனது. இரண்டு வேளையும் இருபது. நாளைக்குப் பத்து மணிக்கு எடுக்கிறார்கள். வெள்ளிக்கிழமைக் கட்டத்தில் அவனுடைய சின்னக் கையெழுத்தில் எழுதியிருந்தது: லேசான சளி. பத்துதான் முடிந்தது.

“சளியா?”

“மாமாதான் போடச் சொன்னாரு.”

“சனிக்கிழமை?”

“சனிக்கிழமை தேறிடுவாரு.”

அவள் நோட்டை மூடி வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. முதலில் அவனும் அழுகை என்றே நினைத்தான். பிறகு மூக்கு வழியாக ஒரு சத்தம் வந்தது; அழுகையில் அப்படிச் சத்தம் வராது. அவள் சமையல் மேடையைப் பிடித்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்தாள். சத்தம் கேட்டு வந்த அத்தை, அப்பாடா, என்று பக்கத்தில் உட்கார்ந்து அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, அழு கண்ணு, நல்லா அழு என்றாள். அத்தையின் தோளுக்கு மேலே அவள் கண்கள் அவனைப் பார்த்தன. நீர் வழிந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து எது எப்போது முடிந்து எது ஆரம்பித்தது என்று அவனுக்கே தெரியவில்லை.

அத்தை போன பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “லூசாங்க நீங்க ரெண்டு பேரும்?” என்றாள்.

அவன் அவள் கையிலிருந்த நோட்டை வாங்கி மேடையில் வைத்தான்.

“அப்ப காலையில எல்லாம் எங்க போவீங்க?”

பாத்தியைச் சொன்னான். கயிற்றைச் சொன்னான். சந்தையில் வாங்கியதாகச் சொன்ன காயைச் சொல்லும்போது மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டான். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். நடுவில் ஒரே ஒரு கேள்வி: அங்கே மண் வெட்டினாரா, கனமாக எதையாவது தூக்கினாரா? இல்லை, உட்கார்ந்த இடத்தில் எல்லாரையும் திட்டிக்கொண்டிருப்பார் என்றான். அவள் பெருமூச்சு விட்டாள். காலையிலிருந்து அவள் மூச்சு விட்டு அப்போதுதான் பார்த்தான். அவனுக்கும் நெஞ்சுக்குள் எங்கோ இறுக்கிக்கட்டியிருந்த நூல் ஒன்று பிரிந்தாற்போல் இருந்தது. துக்க வீட்டில் இப்படி இருக்கலாமா என்று ஒரு கணம் கூச்சப்பட்டான்.

“வாசல்ல உக்காந்திருக்கறவங்க யாரு? பஸ்காரங்களா?”

“இல்ல.”

அவள் எழுந்து, முன்னறை வழியாக, உட்கார்ந்திருந்தவர்களைத் தாண்டி வெளியே போனாள். அவன் பின்னாலேயே போனான். மரத்தடியில் இருந்த மூவரும் அவளைக் கண்டதும் எழுந்து நின்றார்கள். தக்காளிக்காரர் அவளைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், வாயைத் திறந்து மூடினார்.

“சொல்லிட்டேன்,” என்றான் அவன்.

தக்காளிக்காரரின் தோள் இறங்கியது.

“உள்ள வந்து பாருங்க,” என்றாள் அவள். அவர்கள் நகர்ந்தபோது, அவளே வழியை மறிப்பதுபோல் நின்றுகொண்டு, மெல்லிய குரலில் கேட்டாள். “அப்பா அங்க எங்க உக்காருவாரு?”

தக்காளிக்காரர் கொஞ்சம் யோசித்தார். ஒரு பழைய வாளி, கவிழ்த்துப் போட்டது, சக்கர நாற்காலியைவிட அதுதான் அவருக்குப் பிடிக்கும் என்றார். இவ்வளவு உயரம் இருக்கும் என்று குனிந்து, விரித்த உள்ளங்கையைத் தரையிலிருந்து ஒரு முழத்தில் பிடித்துக் காட்டினார்.

அவள் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவள் பார்க்கிற வரைக்கும் அவர் நிமிரவில்லை.