சும்மா நடக்க வந்தோம்

சூர்யாவும் நானும் மூன்று வருஷமாகக் காதலித்ததெல்லாம் டவுன் பஸ்சிலும் மின்சார ரயிலிலும், அவற்றிலிருந்து இறங்கி நடந்த மலைகளிலும்தான். அவனிடம் வண்டி இல்லாமல் இல்லை. சேலையூரில் அவன் அப்பா ஜெயவேலுவுக்கு ஒரு கார், அவனுக்கு ஒரு பைக். ஆனால் இரண்டிலும் முன்னால் ஒருதரம், பின்னால் ஒருதரம் 'ஜெயவேலு டிரேடர்ஸ்' என்று பெரிசாக எழுதியிருக்கும். தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரை அந்தப் பெயரைப் பார்த்ததும் வணக்கம் வைக்க ஆள் இருக்கிறது. அந்த பைக்கின் பின்சீட்டில் நான் உட்கார்ந்தால், நாங்கள் அடுத்த சிக்னலைத் தாண்டும் முன் செய்தி அவன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

என் பக்கமும் லேசுப்பட்டதில்லை. நான் கோவளத்துக்காரி. அப்பா பூவராகன் கடலுக்குப் போகிறவர், அம்மா முத்தாலம்மாள் மீன் விற்கிறவள். எங்கள் கடற்கரையில் எந்தப் படகு மறைவில் போய் உட்கார்ந்தாலும் அங்கே ஒரு சித்தப்பா வலையைப் பிரித்துக்கொண்டிருப்பார். சரி, வண்டலூர் மிருகக்காட்சி சாலைக்குப் போவோம் என்று ஒருதரம் போனோம். வெள்ளைப் புலியருகே என் பெரியம்மா குடும்பம், ஒட்டகச்சிவிங்கியருகே அவன் அத்தை குடும்பம். டிக்கெட் வாங்கிய பாவத்துக்கு அன்று முழுக்க முதலைக் குட்டைப் பக்கமே நின்றுவிட்டு வந்தோம்.

அப்புறம்தான் நடக்க ஆரம்பித்தோம். நாங்கள் இரண்டு பேரும் காட்டாங்குளத்தூரில் ஒரே கல்லூரியில் வேலை பார்க்கிறோம். நான் நூலகத்தில், அவன் சிவில் லேபில். இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறு, ரயில் எங்கே போகிறதோ அங்கே இறங்கி, பஸ் எங்கே நிற்கிறதோ அதற்கு அப்பால் நடப்போம். கொளவாய் ஏரிக்கரை, திருக்கழுக்குன்றத்துக்கு வெளியே பாறைமேடு, வல்லம் குன்று எல்லாம் ஆயிற்று. வெயிலில் சும்மா நடப்பதற்கென்று எங்கள் இரண்டு வம்சத்திலும் ஒரு ஆள் கிடையாது என்பதால் அதைவிடப் பத்திரமான இடம் வேறில்லை.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை நடை வேறு. மாமா மகன் ஒருவன், சொந்தமாக இன்ஜின் படகு வைத்திருப்பவன், புதன்கிழமை எனக்குப் பூ வைக்க வருவதாக இருந்தது. அம்மாவுக்கு சூர்யா விஷயம் தெரியும். அவளுக்குப் பையன் மேல் கோபமில்லை, அவன் வாய் மேல்தான் கோபம். அக்கா கல்யாணம் முடியட்டும், பொங்கல் போகட்டும், ஆடி கழியட்டும் என்று அவன் தன் அப்பாவிடம் சொல்லாமல் தள்ளிப்போட்டதில் மூன்று ஆடி கழிந்துவிட்டது. அம்மா மீன் கூடையை இறக்கிவைத்துவிட்டு எனக்குக் கெடு விதித்தாள்.

"ஞாயித்துக்கெழம இருட்டறதுக்குள்ள அந்தப் பையன் அவுங்க அப்பாராண்ட சொல்லிட்டானா இல்லியான்னு எனக்குத் தெரியணும். இல்லினா புதங்கெழம நீ பூ வெச்சிக்கினு ஒக்காரு."

கேளம்பாக்கம் பஸ், அங்கிருந்து வண்டலூர் பஸ், வண்டலூரில் ரயில். கடைசியிலிருந்து மூன்றாவது பெட்டியில் சூர்யா தாம்பரத்திலிருந்தே எனக்கு இடம் பிடித்துக்கொண்டு வந்தான். நான் உட்கார்ந்ததும் அம்மாவின் கெடுவைச் சொன்னேன். மலை உச்சிக்குப் போனதும் அவன் அப்பாவுக்கு போன் போட வேண்டும், என் எதிரில் பேச வேண்டும், பேசாமல் இறங்கினால் திரும்பும்போது நான் வேறு பெட்டி என்றேன். அவன் சரி என்றான். எனக்கென்னவோ காலையிலிருந்து காரணமில்லாமல் சிரிப்பு வந்துகொண்டே இருந்தது. தலைக்கு மேல் கத்தி தொங்கும்போது எனக்கு அப்படித்தான் வரும்.

இந்தத் தடவை மலையைத் தேர்ந்தெடுத்தவன் அவன். சிங்கப்பெருமாள் கோவிலில் இறங்கி டவுன் பஸ் பிடித்து அரை மணி. எனக்கு இலவச டிக்கெட், அவனுக்குக் காசு. ஒவ்வொரு தடவையும் அந்தச் சீட்டை அவன் மூக்கருகே ஆட்டிக் காட்டாவிட்டால் எனக்கு நடை ஆரம்பித்த மாதிரியே இருக்காது. ஈ காக்கா வராத இடம் என்று அவன் சொன்னது உண்மைதான். ஒரு டீக்கடை, ஒரு புளியமரம், அதற்கு அப்பால் கருவேலங்காடு, அதன் நடுவில் ஒரு மொட்டைக் குன்று.

ஈ காக்காதான் இல்லை. டீக்கடையில் பொன்னுரங்கம் இருந்தார்.

மனைத் தரகர். வெள்ளைச் சட்டை, கக்கத்தில் சுருட்டிய வரைபடம். பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்து, மனை பார்க்க வந்தீர்களா என்றார். இல்லை அண்ணா, சும்மா நடக்க வந்தோம் என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"சும்மான்னு சொல்றவங்கதான் மேடம் அட்வான்ச கையில வெச்சிக்கினு வருவாங்க. இருவது வருசமா இந்த ரோட்ல நான் பாக்காத பார்ட்டியா?"

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. அந்தப் பக்கத்தில் பஸ்சிலிருந்து இறங்கி, நாலு பக்கமும் திரும்பிப் பார்த்து, காலி நிலத்தைப் பார்த்து இரண்டு பேர் சிரித்துக்கொண்டால் வேறு என்ன அர்த்தம் இருக்க முடியும். நாங்கள் வேகமாக நடந்தோம், அவரும் நடந்தார். மலையில் ஏறினோம், செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு அவரும் ஏறினார். எங்கள் தண்ணீர் பாட்டிலை வாங்கிப் பாதி குடித்தார். அந்தப் பக்கம் கம்பெனி வரப்போகிறது என்றார், இந்தப் பக்கம் ஸ்கூல் வரப்போகிறது என்றார், குழந்தைக்கு இப்போதே சீட் சொல்லி வைத்துவிடலாம் என்றார். இந்தக் காற்றுக்கே தனியாக விலை போடலாம், ஆனால் ஓனர் தங்கமானவர், அதை இனாமாகத் தருகிறார் என்றார். நான் ஒரு பாறையைப் பிடித்துக்கொண்டு வயிறு வலிக்கச் சிரித்தேன். சூர்யா மட்டும் சிரிக்கவில்லை.

உச்சியில் நல்ல காற்று. தூரத்தில் ஏரி தகதகவென்று கிடந்தது, அதற்கும் அப்பால் ரயில் ஒன்று சத்தமில்லாமல் ஊர்ந்தது. சூர்யா போனை எடுத்தான், பொன்னுரங்கத்தைப் பார்த்தான், போனைப் பைக்குள் வைத்தான். இப்படி நாலு தரம். ஆளை நகர்த்தினால்தான் காரியம் ஆகும் என்று நான் பொன்னுரங்கத்தை இன்னொரு பக்கம் கூட்டிப்போய், ஈசானிய மூலை எது அண்ணா என்று கேட்டேன். இவ்வளவு விவரமான கேள்வியைக் கேட்டதும் அவருக்கு எங்கள் மேல் இருந்த கொஞ்ச நஞ்ச சந்தேகமும் தீர்ந்துவிட்டது. இருங்கள் மேடம், ஓனரையே பேசச் சொல்கிறேன் என்று ஸ்பீக்கரில் போன் போட்டுவிட்டார்.

"ஜெயவேலு சார், நம்ம மலையடி எடத்துக்குப் பார்ட்டி வந்துகீது."

நான் திரும்பி சூர்யாவைப் பார்த்தேன். அவன் முகத்தில் ரத்தமே இல்லை.

எப்படிப்பட்ட பார்ட்டி என்று போனில் குரல் அதட்டியது. புதுசாகக் கல்யாணமான ஜோடி, பொண்ணு விவரமானது, மாப்பிள்ளைதான் கொஞ்சம் பயந்த சுபாவம் என்று பொன்னுரங்கம் உள்ளதை உள்ளபடி சொன்னார். கூடுவாஞ்சேரியில் இருக்கிறேன், இதோ வருகிறேன், அவர்களை விட்டுவிடாதே என்று குரல் சொல்லிவிட்டு அறுந்தது.

"இது உங்க எடமா?" என்று சூர்யாவின் காதோடு கேட்டேன்.

"எனக்கு வழி தெரிஞ்ச மலை இது ஒண்ணுதான் துர்கா. ஸ்கூல் படிக்கறப்ப வந்தது. சண்டேல அப்பா இந்தப் பக்கமே வர மாட்டார்."

இவ்வளவு மலையிருக்க, அப்பாவுக்குத் தெரியாமல் ஏறுவதற்கு அப்பாவின் நிலத்துக்கு நடுவிலிருக்கிற மலையைத் தேடிப் பிடித்தவனைத்தான் நான் மூன்று வருஷமாகக் காதலிக்கிறேன். அப்படியே உட்கார்ந்து சிரித்தேன். சிரிப்பு அடங்கியதும் பயம் வந்தது. பின்பக்கமாக இறங்கினால் இன்னொரு ரோடு வரும், அப்பா வருவதற்குள் போய்விடலாம், சாயங்காலம் வீட்டில் நிதானமாகச் சொல்கிறேன் என்றான். அந்த 'நிதானமாக' எனக்குப் பழகின வார்த்தை.

"நீ வேணும்னா போ. நான் மன பாத்துட்டு வரேன்," என்றேன்.

சொல்லிவிட்டு பொன்னுரங்கத்துக்குப் பின்னால் இறங்க ஆரம்பித்தேன். திரும்பிப் பார்க்கக் கூடாது என்று இருந்தேன். காதை மட்டும் பின்னாலேயே விட்டிருந்தேன். கொஞ்ச நேரம் காலடிச் சத்தமே இல்லை. அந்தக் கொஞ்ச நேரத்தில் நான் மாமா மகனின் இன்ஜின் படகில் ஏறிப் பாதிக் கடல் போய்விட்டேன். அப்புறம் சரளைக்கல் உருளும் சத்தம் கேட்டது. சூர்யா சறுக்கிக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றான். இந்தக் கழுதையை எனக்கு எவ்வளவு பிடிக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது.

கீழே புளியமரத்தடியில் கார் வந்து நின்றது. இறங்கிய ஜெயவேலு நான் நினைத்ததில் பாதி உயரம்தான் இருந்தார். குரலை மட்டும் வைத்து நான் ஒரு மலையையே கற்பனை செய்திருந்தேன். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி மகனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், முகமெல்லாம் பல்லாகிவிட்டது.

"நீயாடா பார்ட்டியக் கூட்டிக்கினு வந்த?"

நிலத்துப் பக்கம் எட்டிப் பார்க்காத மகன் கடைசியில் ஒரு ஆளைக் கொண்டுவந்துவிட்டான் என்று அவருக்கு அவ்வளவு சந்தோஷம். வாங்கம்மா என்று எனக்குக் கும்பிடு வேறு. போனில் கேட்ட மாப்பிள்ளை பின்னால் வருகிறார் என்று நினைத்திருக்க வேண்டும். தன் ஓனரின் பையனையா மலை மேல் ஏற்றி மனை விற்றோம் என்று பொன்னுரங்கம் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். சூர்யா தலையை ஆட்டினால் போதும். ஆமாம்பா, கஸ்டமர் என்று சொல்லிவிட்டால் நான் வணக்கம் சொல்லி பஸ் ஏறிவிடுவேன், எல்லாம் சுமுகமாக முடிந்துவிடும். தப்பித்துக்கொள்ள இதைவிட நல்ல வழி அவனுக்கு ஜென்மத்தில் கிடைக்காது. அவன் என்னைப் பார்த்தான். நான் உதவி செய்வதாக இல்லை. ஏறி இறங்கிய மலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"பார்ட்டி இல்லப்பா," என்றான் சூர்யா. குரல் நடுங்கியது, ஆனால் நிற்கவில்லை. "பொன்னுரங்கம் அண்ணன் சொன்னது பாதி சரி. நாங்க ஜோடிதான். கல்யாணம்தான் இன்னும் ஆகல. இவ பேரு துர்கா. நான் கட்டிக்கறதுன்னா இவளத்தான்."

ஜெயவேலு கண்ணாடியை மாட்டினார், மறுபடி கழற்றினார். காரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு என் எதிரில் வந்து நின்றார்.

"எந்த ஊரும்மா?"

"கோவளம் சார்."

"நெலம் கீதா?"

"கடல் கீது சார்."

அவர் உதடு ஒரு பக்கம் துடித்தது. கோபமா, வேறெதுவுமா என்று எனக்குப் பிடிபடவில்லை. எப்படி வந்தீர்கள் என்றார். ரயில், பஸ், அப்புறம் நடை என்றேன். தெருமுனைக் கடைக்கு பைக்கை எடுக்கிற தன் மகன் நடந்தானா என்று இரண்டு தரம் கேட்டார். மேலே வரை ஏறினானா என்று பொன்னுரங்கத்திடமும் விசாரித்தார். அதற்குள் எங்கள் பஸ் திரும்பி வந்து ஹாரன் அடித்தது. அவர் கார்ச் சாவியை மகன் கையில் திணித்தார். உன்னோடு ஒரே வண்டியில் வந்தால் உன்னை அடித்துவிடுவேன், பொன்னுரங்கத்தை ஏற்றிக்கொண்டு பின்னால் வா என்று சொல்லிவிட்டு எனக்கு முன்னால் பஸ்சில் ஏறிவிட்டார்.

எனக்கு இலவச டிக்கெட், அவருக்குக் காசு. அந்த அநியாயத்தைக் கண்டக்டரிடம் கேட்டு முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். அப்பா பேர், அம்மா பேர், கூடப் பிறந்தவர்கள், படிப்பு, வேலை. எவ்வளவு நாளாக என்றதற்கு மூன்று வருஷம் என்றேன். மூன்று வருஷமும் பஸ்சிலேயா என்று ஆச்சரியப்பட்டார். பின்கண்ணாடி வழியாகப் பார்த்தேன். சூர்யா பேயடித்த முகத்தோடு காரை ஓட்டிக்கொண்டு வந்தான். பக்கத்தில் பொன்னுரங்கம் வரைபடத்தை விரித்து அவனிடம் என்னவோ விளக்கிக்கொண்டிருந்தார்.

அப்போது என் போன் அடித்தது. அம்மாவுக்கு இருட்டும்வரை பொறுக்கவில்லை. அவளுக்கு போனிலும் ஏலம் கூறுகிற குரல்தான்.

"இன்னாடி, அந்தப் பையன் அவுங்க அப்பாராண்ட சொன்னானா இல்லியா?"

பஸ் முழுக்கக் கேட்டது. கண்டக்டர்கூடத் திரும்பிப் பார்த்தார். ஜெயவேலு கையை நீட்டி என்னிடமிருந்து போனை வாங்கினார்.

"சொல்லிட்டாம்மா," என்றார். "நான் அவன் அப்பாருதான் பேசறேன். நான் இன்னும் ஒண்ணும் முடிவு பண்ணல."

என் பிறப்பிலிருந்து முதல் தடவையாக அம்மாவிடமிருந்து சத்தம் வரவில்லை. நான் கண்ணை மூடிக்கொண்டேன். பிறகு, நான் கேட்டேயிராத ஒரு மெல்லிய குரலில், வஞ்சிரம் சாப்பிடுவீர்களா, சங்கரா சாப்பிடுவீர்களா என்று கேட்டாள். அவர் ரொம்ப நேரம் யோசித்தார். சங்கரா என்றார்.

"அப்ப புதங்கெழம வாங்க. பூவு சொல்லி வெச்சிட்டேன், வீணாப் போவக் கூடாது. எந்தம்பியாண்ட நான் பேசிக்கறேன்."

அவர் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. சிங்கப்பெருமாள் கோவில் வந்ததும், கோவளத்துக்கு எப்படிப் போக வேண்டும் என்று கேட்டார். ரயிலில் வண்டலூர், அங்கிருந்து கேளம்பாக்கம் பஸ், அப்புறம் கோவளம் பஸ் என்று சொல்லிவிட்டு, ஏன் சார், காரில் வர மாட்டீர்களா என்றேன்.

"கார்ல பேரு எழுதிக்கீதேம்மா," என்றார். "ஊரே பாக்கும்."