முடிச்சை ஏன் பிடுங்கினாள்

“ஏன் பிடுங்குனா? அத மட்டும் சொல்லச் சொல்லு, போதும்.”

“பிள்ளையக் காணோம்னா பெத்தவ நெஞ்சுல அடிச்சிக்கிட்டு அழுவா. இவ என்னடான்னா போலிஸ்காரன் கையிலேருந்து துணி முடிச்சப் பிடுங்குறா.”

“பெட்ஷீட்ட வேற அன்னைக்குப் பார்த்துத் துவைச்சிருக்கா. வீடியோல தெரியுது பாருங்க, கொடியில தொங்குது.”

“அந்த முடிச்சுக்குள்ள என்ன இருக்குன்னு நெனைக்கிறே?”

“நான் எதுக்கு நெனைக்கணும்? நெனைச்சா சோறு எறங்காதுலா.”

புந்தோங் பாசாரில் காய்கறிக் கடைக்கு முன்னால் இரண்டு பெண்களும் கடைக்காரரும் பேசிக்கொண்டிருந்தார்கள். தூணுக்கு இந்தப் பக்கம் புனிதா வெண்டைக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றாள். நுனியை ஒடித்துப் பார்த்து, பிஞ்சாக இருந்தால் கூடையில் போட்டாள். அவள் மகள் தினா வெண்டைக்காயைத் தவிர வேறு காய் தொடமாட்டாள். கூடை பாதி நிறைந்த பிறகுதான், வீட்டில் இப்போது இதைத் தின்ன ஆள் இல்லை என்பது புனிதாவுக்கு நினைவு வந்தது. அப்படியும் நிறுத்தவில்லை. கூடையை எடுத்துக்கொண்டு போய்த் தராசில் வைத்தாள்.

மூன்று பேரும் அவளைப் பார்த்தார்கள். ஒருத்தி தேங்காய்ப் பக்கம் நகர்ந்தாள். இன்னொருத்தி கைப்பேசியைப் பைக்குள் போட்டாள்.

“வேற என்னாம்மா வேணும்?” என்றார் கடைக்காரர், தராசைப் பார்த்துக்கொண்டே.

“போதும்ணே.”

வலித்ததா என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. பல் பிடுங்கப்போனால் ஈறில் ஊசி போடுவார்கள் அல்லவா, அப்போது கன்னத்தைத் தொட்டால் யாருடைய கன்னத்தையோ தொடுவது போல இருக்கும். தினா காணாமல் போனதிலிருந்து அவளுக்கு உடம்பு முழுக்க அப்படித்தான் இருந்தது.

தினா என்கிற தினேஸ்வரிக்கு ஏழு வயது. நான்கு நாளுக்கு முன்னால், சனிக்கிழமை. பள்ளியில் விளையாட்டுப் பயிற்சி முடிந்து பச்சைச் சட்டையோடு வந்தவள், அடுக்குமாடிக்குக் கீழே கடையில் ஐஸ் வாங்கி வருகிறேன் என்று போனாள். திரும்பவில்லை. தகப்பன் ரூபன் லாரியோடு தெற்கே போயிருந்தான். மாலைக்குள் போலிஸ் வந்தது. புந்தோங்கே திரண்டு வந்தது. அடுத்த தெருவில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் மங்களம் அக்கா கைப்பேசியில் ஒரு குழு தொடங்கி, மோட்டார் சைக்கிள்காரர்களைச் சந்து சந்தாக அனுப்பினாள். ஆற்றங்கரை, பழைய ரயில் குடியிருப்பு, கோயில் மண்டபம் என்று ஓர் இடம் விடவில்லை. சோறு பொட்டலம் கட்டிக் கொடுத்ததும் அவள்தான்.

பிறகு அந்த வீடியோ வந்தது.

போலிஸ் வீட்டைச் சோதனை போட்டபோது பக்கத்து வீட்டு சாந்தினி கிரில் கம்பி வழியாக எடுத்தது. சாமிப் படங்களுக்குப் பின்னாலிருந்து ஒரு போலிஸ்காரன் மஞ்சள் துணி முடிச்சு ஒன்றை எடுத்து அவிழ்க்கப் போகிறான். புனிதா பாய்ந்து அதைப் பிடுங்கி மார்போடு அணைத்துக்கொள்கிறாள். வீடியோ அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு நடந்தது அதில் இல்லை. கூட வந்த தமிழ்ப் பெண் போலிஸ், “அது சாமிக்கு முடிஞ்சதுடா, எங்க வீட்லயும் இருக்கு” என்று அவனிடம் மலாயில் சொன்னாள். புனிதாவின் கையில் இருந்தபடியே முடிச்சை விரலால் அமுக்கிப் பார்த்தாள். படம் எடுத்துக்கொண்டு, “வேணும்னா பொறவு வந்து கேட்போம்” என்று சொல்லிப் போனாள். பார்த்தவர்களுக்கு இதெல்லாம் தெரியாது. பார்த்தவர்கள் லட்சம் பேர்.

தினாவுக்கு இரண்டு வயதில் காய்ச்சல் வந்து, ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடந்தாள். தாப்பா ஊருக்கு அந்தப் பக்கம் பாலத்துத் தோட்டத்தில்தான் புனிதா பிறந்தாள். அந்தத் தோட்டத்து மாரியம்மனுக்கு முடி தருவதாக வேண்டிக்கொண்டாள். பிள்ளை பிழைத்தது. ஆனால் தோட்டம் கைமாறிவிட்டது, ரப்பர் மரங்கள் போய்ச் செம்பனை வந்துவிட்டது, கோயிலை வேறிடத்துக்கு மாற்றும் வேலை பாதிச் சுவரோடு நின்றது. பூசாரியிடம் கேட்டபோது, “பூமுடியா கொஞ்சம் எடுத்து, ஒரு காசு வச்சு, மஞ்சத் துணியில முடிஞ்சு வையி. கோயில் எழும்புனதும் கொண்டாந்து ஆத்தா வாசல்ல அவுத்துப் போடு. அதுவரைக்கும் அவுத்துறாத. அது பிள்ள உசிரு மாதிரி” என்றார்.

அதனால்தான் பிடுங்கினாள். பிள்ளை எங்கே இருக்கிறது என்றே தெரியாத நேரத்தில், எவனோ ஒருவன் அதை அவிழ்த்துவிட்டால்?

பெட்ஷீட் விஷயமும் அப்படித்தான். தினா இன்னமும் சில இரவுகளில் தூக்கத்தில் படுக்கையை நனைத்துவிடுவாள். அதைச் சொன்னால் லட்சம் பேருக்குத் தெரியும், பிள்ளை திரும்பி வந்து பள்ளிக்குப் போகும்போது கேலி செய்வார்கள். புனிதா சொல்லவில்லை.

பாசாரிலிருந்து அவள் வீடு திரும்பியபோது ரூபனின் அக்கா சரளா கூடத்தில் கைப்பேசியோடு உட்கார்ந்திருந்தாள். ரூபன் இல்லை. அவன் லாரியை விட்டுவிட்டு மோட்டார் சைக்கிளில் தனியாகத் தேடிக்கொண்டிருந்தான்.

“இங்க பாரு, ஒருத்தன் எழுதியிருக்கான், நரபலியாம். நாசமாப் போறவன். அதுக்கு எரநூறு பேரு லைக் வேற.”

“படிங்க அண்ணி.”

“உனக்கென்ன பைத்தியமா? இதைப் போயி படிக்கச் சொல்றே?”

“படிங்க.”

சரளா வாசித்தாள். வாசிக்க வாசிக்க அவளுக்குத்தான் குரல் உடைந்தது. புனிதா வெண்டைக்காயைக் கழுவித் துணியில் பரப்பிக்கொண்டிருந்தாள்.

“‘கண்ணுல தண்ணியே இல்ல, பாத்தீங்களா.’ ‘அப்பன் லாரிக்காரன், அவன் எங்க இருந்தான்னு விசாரிங்க.’ ‘முடிச்ச லேப்புக்கு அனுப்பணும்.’ ‘காம்பார்ல என் பழக்கடைக்கிட்ட ஒரு பிள்ளயப் பாத்தேன், பச்ச சட்ட, சிலிப்பர்ல செவப்புக் கயிறு.’ ‘அந்தப் பொம்பள மூஞ்சியே சரியில்ல.’ ‘செய்வின...’”

“நில்லுங்க.”

“என்னா?”

“பழக்கடை. மறுபடி படிங்க.”

சரளா மறுபடி வாசித்தாள். புனிதாவின் கை ஈரத்தோடு அப்படியே நின்றது. பச்சைச் சட்டை போஸ்டரில் இருந்தது, ஊருக்கே தெரியும். சிவப்புக் கயிறு தெரியாது. சிலிப்பரின் வார் அறுந்துபோய், காப்புக் கயிற்றில் மிச்சம் இருந்ததைக் கொண்டு வெள்ளிக்கிழமை அவள்தான் கட்டிக்கொடுத்தாள். அதைப் போலிஸிடம்கூடச் சொல்ல மறந்திருந்தாள்.

எழுதியவன் பெயர் கோகிலன். நம்பரைத் தேடிப் பிடித்து சரளா போட்டுக் கொடுத்தாள்.

“அலோ, யாரு?”

“பச்ச சட்ட பிள்ளயப் பத்தி எழுதியிருந்தீங்க.”

“அட, அப்பவே எழுதுனேன்லா! உங்க தேடுற கிரூப்புக்கு போன்கூட அடிச்சேன். ஒரு அக்கா எடுத்தாங்க. ‘அண்ணே, அது வேற பிள்ளையா இருக்கும், இங்க வீட்டுக்குள்ளயே வெசயம் இருக்கு’ன்னு சொல்லி வச்சிட்டாங்க.”

“பிள்ள யாரு கூட இருந்துச்சு?”

“தனியாத்தான் நின்னுச்சு. சனிக்கெழம பஸ்ஸ விட்டு எறங்குனிச்சு. தாப்பா வந்திருச்சான்னு என்கிட்ட கேட்டுச்சு. இல்லம்மா, இது காம்பார்னேன். தெம்பிக்காய்ப் பழம் ஒரு துண்டு குடுத்தேன், தின்னுச்சு. அம்மா எங்கன்னு கேட்டதுக்கு, பின்னால வராங்கன்னு சொல்லுச்சு. கூட்டம் வந்திருச்சு, வெட்டிக் குடுத்துட்டுத் திரும்புறேன், ஆள் இல்ல.”

“போலிஸ்ல சொன்னீங்களா?”

“எனக்கு லைசென் இல்லாத கடைம்மா. மன்னிச்சிக்கிங்க. நீங்க யாரு, சொந்தமா?”

“அம்மா” என்றாள் புனிதா.

காம்பார் தாப்பாவுக்குப் போகும் வழியில் இருக்கிறது. தாப்பா வந்துவிட்டதா என்று கேட்டிருக்கிறாள். கோயில் சுவரைப் பார்க்கப் போகும்போதெல்லாம் பஸ்ஸில் முன் இருக்கைக்குத்தான் அடம் பிடிப்பாள். என் முடியை எப்போதம்மா சாமிக்குக் கொடுப்பாய் என்று கேட்பாள். அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று புனிதா சொல்லிக்கொண்டே இருந்தாள்.

போலிஸுக்கு சரளா ஸ்பீக்கரில் போட்டு போன் செய்தாள். பெண் போலிஸ் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, உடனே காம்பாருக்குத் தகவல் கொடுக்கிறேன், பஸ் கேமராவையும் பார்க்கச் சொல்கிறேன் என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “ஆனா அக்கா, அங்க கடை, கம்பத்து வீடுங்க, ஈயக்குட்டைன்னு ரொம்பப் பெரிய எடம். ஆளுங்க வேணும். உங்க ஆளுங்கள மறுபடி கூப்பிட முடியுமா?” என்று கேட்டாள்.

ஈயம் தோண்டிய பள்ளங்களில் தண்ணீர் நிறைந்து கிடக்கும் ஆழமான குட்டைகள். ஈயக்குட்டை என்ற சொல் புனிதாவின் காதில் விழுந்தது. விழுந்து அங்கேயே கிடந்தது.

மங்களம் அக்காவின் கடையில் மதியச் சாப்பாட்டுக் கூட்டம் முடிந்து, தேடும் குழுவிலிருந்த ஏழெட்டுப் பேர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். சரளாவோடு வந்த புனிதாவைக் கண்டதும் ஒருவன் நாற்காலியை இழுத்துக்கொண்டு எழுந்தான்.

“என்னா புனிதா?” என்றாள் மங்களம், கரண்டியைக் கீழே வைக்காமல்.

புனிதா சொன்னாள். பழக்கடை, பச்சைச் சட்டை, சிவப்புக் கயிறு.

“அந்த ஆளு எனக்கும் போன் அடிச்சாரு.”

“தெரியும்க்கா.”

“செவப்புக் கயிறுன்னு நீ இப்பச் சொல்றே. அவர் எழுதுனதப் பாத்துட்டு சொல்லலாமில்ல?” என்றான் எழுந்தவன்.

“டேய், வாய மூடு” என்றாள் மங்களம். கரண்டியைக் கழுவும் தொட்டியில் போட்டுவிட்டு அருகில் வந்தாள். “நான் ஒளிச்சுப் பேசத் தெரியாதவ. கேட்டுக்க. உன் பிள்ளைக்காக எத்தன பேரு வேலைக்குப் போகாம அலைஞ்சானுங்க தெரியும்ல. இப்ப ஒருத்தனும் கெளம்ப மாட்டேங்குறான். எல்லாருக்கும் அந்த முடிச்சுதான் கண்ணுல நிக்கிது. அது சாமி முடிச்சுன்னு சாந்தினிகிட்ட நீ சொன்னியாம். சாமி முடிச்சுன்னா எனக்குத் தெரியாதா? நானும் தோட்டத்துல பொறந்தவதான். ஆனா இவனுங்களுக்குத் தெரியணும்ல. அவுத்துக் காட்டு. இங்கயே, இவனுங்க முன்னாடி. காட்டிட்டா அடுத்த நிமிசம் வண்டி எடுக்கச் சொல்றேன்.”

“தோட்டத்துல பொறந்தவங்கன்னா, அத அவுக்கக் கூடாதுன்னும் உங்களுக்குத் தெரியுமேக்கா.”

மங்களம் துண்டில் கையைத் துடைத்தாள். துடைத்த கையையே மறுபடி துடைத்தாள்.

சரளா புனிதாவின் தோளைப் பிடித்தாள். “வேணாம் புனிதா. ரூபனக் கேட்டுக்கலாம். நாம ரெண்டு பேரும் பஸ் பிடிச்சுப் போயித் தேடலாம்.”

“ரெண்டு பேரு பத்தாது அண்ணி.”

அவள் வீட்டுக்குப் போய் முடிச்சை எடுத்துக்கொண்டு வந்தாள். சாந்தினி வீட்டுக் கிரில் மூடியிருந்தது, உள்ளே டிவி ஓடியது. கடைக்கு வந்து சேர்ந்தபோது எல்லாக் கைகளிலும் கைப்பேசி உயர்ந்திருந்தது.

மேசையில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தது. மங்களம் ஒரு வாழை இலையைக் கிழித்துக்கொண்டு வந்து விரித்தாள். அதன் மேல் புனிதா முடிச்சை வைத்தாள். ஐந்து வருட முடிச்சு, நகம் நுழையவில்லை. குனிந்து பல்லால் இழுத்தாள். துணியில் பழைய மஞ்சளும் சாம்பிராணியும் மணத்தன. ஆத்தா, கோபம் இருந்தால் என் மேல் வை என்று நினைத்தாள். கண்ணீர் வரும் என்று எதிர்பார்த்தாள், வரவில்லை.

முடிச்சு அவிழ்ந்தது.

உள்ளே ஒரு சின்னச் சுருள் முடி, கறுத்துப்போன ஒரு காசு, தொட்டால் நொறுங்கும் வேப்பிலை.

“இவ்ளோதானா?” என்றது ஒரு குரல்.

“இதுக்கா இந்தப் பாடு?”

“மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல.”

“இல்ல, முடி ஏன் இவ்ளோ கொஞ்சமா இருக்கு? மிச்சம் எங்க?”

“டேய்!”

“கேட்டேன்லா, கேக்கக் கூடாதா?”

புனிதா கைப்பேசிகளைப் பார்த்துச் சொன்னாள். பாடம் ஒப்பிப்பது போலத்தான் வந்தது. “காம்பார் பஸ் ஸ்டாண்டு. கோகிலன்னு ஒருத்தர் பழக்கடை. பச்ச சட்ட. எடது காலு சிலிப்பர்ல செவப்புக் கயிறு. தாப்பா வந்திருச்சான்னு கேட்டிருக்கா. பேரு தினா. தினேஸ்வரின்னு கூப்பிட்டா திரும்ப மாட்டா.”

ஒருவன் எடுத்த வீடியோவை மறுபடி போட்டுப் பார்த்தான். அவளுடைய குரலே அவளுக்குக் கேட்டது, யாரோ பேசுவது போல.

மங்களம் ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். “எந்த பஸ் ஸ்டாண்டு? பழசா, புதுசா?”

“கேக்கல.”

“போட்டுக் கேளு. டேய், நீங்க மூணு பேரு மோட்டார எடுங்க. ஒருத்தன் முன்னாலயே போயி அந்தப் பழக்கடைக்காரரப் பிடிச்சு வையி. சரளா, கடையப் பாத்துக்க. யாராச்சும் சாப்பாடு கேட்டா தீந்திருச்சுன்னு சொல்லு. புனிதா, நீ வேன்ல முன்னால ஏறு.”

முடியின் மிச்சம் எங்கே என்று கேட்டவனும் சாவியைத் தேடிக்கொண்டு எழுந்தான். அவன் முகத்தில் சந்தேகம் அப்படியேதான் இருந்தது. ஆனால் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டான்.

வேன் புந்தோங்கைத் தாண்டிப் பெரிய சாலையில் ஏறியது. மோட்டார் சைக்கிள்கள் முன்னால் போயின. மடியில் மஞ்சள் துணியை விரித்து, முடியையும் காசையும் நடுவில் வைத்துப் புனிதா மறுபடி முடிந்தாள். துணி பழைய மடிப்பில் விழவில்லை. இரண்டு முறை முடிந்தும் தளர்ந்து போனது.

“பல்லால இழுத்து எறுக்கு” என்றாள் மங்களம், சாலையிலிருந்து கண்ணெடுக்காமல். கொஞ்ச தூரம் போன பிறகு, “அந்த ஆளு போன வச்சது நாந்தான். தெரியும்ல” என்றாள்.

“தெரியும்க்கா.”

“திட்டணும்னா திட்டிரு.”

“பொறவு” என்றாள் புனிதா. முடிச்சைப் பல்லில் கடித்து இழுத்தாள். சாலையோரத்தில் நடந்துபோகும் ஒவ்வொரு பிள்ளையின் காலையும் பார்த்துக்கொண்டே வந்தாள்.