நீலச் செவ்வாய்

ரூபேந்திரனின் புதுக் கேமரா அதுவரை நிலாவை மட்டுமே பார்த்திருந்தது. வாங்கி மூன்று வாரமாகியும் மழை மேகம் அவனுடைய ஊரான ஸ்கூடாயை விட்டு நகரவில்லை. வானம் விட்டுக்கொடுத்த இரண்டு மாலைகளிலும் நிலாதான் மேலே இருந்தது. படங்கள் கூர்மையாக வந்தன. தொழிற்சாலையில் தரப் பரிசோதகனாக இருப்பவன், கையேட்டைப் பாதியில் மூடிவிட்டு, கருவி கைக்குள் வந்துவிட்டது என்று வாட்ஸ்அப் குழுவில் எழுதினான்.

அந்தக் கேமராவில் பொத்தானும் இல்லை, திரையும் இல்லை. தொலைநோக்கியில் கண் வைக்கும் இடத்தில் அதைச் செருகி, வயரை மடிக்கணினியில் மாட்ட வேண்டும். கேமராவுக்குள் ஒளியை வாங்கும் சில்லின் மேல் சிவப்பு, பச்சை, நீலப் புள்ளிகள் எந்த வரிசையில் இருக்கின்றன என்று மென்பொருள் கேட்கும். நான்கு விடைகள் இருந்தன. ரூபேந்திரன் முதலாவதைத் தேர்ந்தெடுத்திருந்தான். அது முதலாவதாக இருந்தது என்பதைத் தவிர வேறு காரணம் கிடையாது.

தைப்பூசம் கழிந்த ஞாயிறு இரவு புஷ்பவள்ளி தன் மகன் லோகேஸ்வரனோடு சிகாமட்டிலிருந்து ரூபேந்திரன் வீட்டுக்கு வந்தார். ரூபேந்திரனின் தங்கை பிரேமலாவும், வார நாட்களில் ஸ்கூடாயிலேயே தங்கும் லோகேஸ்வரனும் ஆறு வருடமாக ஒரே பஸ்ஸில் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வருகிறவர்கள். பிரேமலாவின் ஜாதகத்தில் ஏழாம் இடத்தில் செவ்வாய். இந்தப் பெண் இல்லையென்றால் கல்யாணமே வேண்டாம் என்று மகன் சொல்லியிருந்தான். இந்தப் பெண்தான் என்றால் மண்டபத்துக்கே வரமாட்டேன் என்று தாய் சொல்லியிருந்தார். சொன்னதிலிருந்து இறங்க வழி தெரியாமல் இருவரும் இரண்டு மணி நேரம் ஒரே காரில் பேசாமல் வந்திருந்தார்கள்.

“நேர்ல சொல்லிட்டுப் போறதுதான் மரியாதை” என்று புஷ்பவள்ளி ஆரம்பித்தார். “செவ்வாய் தோஷத்தை நாம என்ன பண்ண முடியும்?”

ரூபேந்திரன் இந்தக் கணத்துக்காகத்தான், வானம் தெளிந்ததும் எட்டு மணிக்கே தொலைநோக்கியைக் கார் போர்ச்சுக்கு வெளியே தூக்கி வைத்திருந்தான்.

“வாங்க ஆண்டி, அவரையே நேர்ல கேட்டுடலாம். வெறும் துரு ஏறின மண்ணு லா. செக்கச் செவேல்னு இருக்கும், அவ்வளவுதான்.”

“அண்ணே, சும்மா இரு” என்றாள் பிரேமலா.

“பாக்கட்டுமே.”

மடிக்கணினியில் ஒரு சிறு வட்டம் நடுங்கியது. ரூபேந்திரன் குவியத்தைத் திருகினான். வட்டம் நின்றது. அது நல்ல வெளிர் நீலத்தில் இருந்தது.

“அலமாக்” என்று வாயைப் பிளந்தான் லோகேஸ்வரன்.

“இது செவ்வாய்தானா தம்பி?”

“செவ்வாய்தான் ஆண்டி. ஆனா…”

புஷ்பவள்ளி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். வெகுநேரம் பார்த்தார்.

“நீலமா இருக்காரு” என்றார் மெதுவாக. “உக்கிரம் இறங்கிடுச்சு.”

“ஜோசியர் இதைச் சொல்லலியேம்மா?” என்றான் மகன்.

“அவரு கட்டம்தானே பாத்தாரு. ஆளைப் பாத்தாரா?”

ரூபேந்திரனுக்கு அப்போதுதான் உறைத்தது. அவன் தேர்ந்தெடுத்த வரிசை தலைகீழ், சிவப்பு நீலத்தின் இடத்தில் போய் உட்கார்ந்திருந்தது. நிலாவுக்குச் சொந்த நிறம் என்று பெரிதாக ஒன்றும் இல்லாததால் குற்றம் இத்தனை நாள் வெளியே தெரியவில்லை. இரண்டாவது விடையைத் தட்டினால் செவ்வாய் ஒரே நொடியில் சிவந்துவிடும். ஒன்பது வருடமாகத் தவறான பொருள் எதையும் தொழிற்சாலை வாசலைத் தாண்ட விடாதவனின் கை தானாகவே மவுஸுக்குப் போனது.

மவுஸின் மேல் பிரேமலாவின் கை ஏற்கெனவே இருந்தது.

“ஒரு சின்ன செட்டிங்…” என்றான்.

“சேவ் பண்ணிடுங்க மச்சான்” என்றான் லோகேஸ்வரன். இதுவரை அவன் ரூபேந்திரனை ‘புரோ’ என்றுதான் கூப்பிட்டிருக்கிறான்.

ரூபேந்திரன் தங்கையைப் பார்த்தான். அவள் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. படத்தைச் சேமித்தான்.

புஷ்பவள்ளி அதை உடனே தன் போனுக்கு அனுப்பச் சொன்னார். உள்ளே போய், வந்ததிலிருந்து தொடாமல் வைத்திருந்த தேநீரைக் குடித்தார். ஆவணியா, ஐப்பசியா என்று பேச்சு நகர்ந்தது. கிளம்பும்போது காரின் கண்ணாடியை இறக்கினார்.

“தம்பி, சனியையும் ஒரு நாள் எடுத்துக் காட்டுங்க. எனக்கு ஏழரை ஓடுது.”

“எடுக்கலாம் ஆண்டி” என்றான் ரூபேந்திரன். “எந்தக் கலர்ல இருந்தா நல்லது?”