முப்பது நாற்காலி

லெஸ்டர் கோஸ்கோ அந்த மளிகைக் கடையின் மேனேஜர். கடைக்குள் ஒரு சின்ன உணவகம் வைத்து, அதன் பேரில் பீர் விற்க உரிமம் வாங்குவதற்குள் இரண்டு வருஷம் நாயாய் அலைந்தவன். பென்சில்வேனியா சட்டம் அப்படி. பாலும் வெங்காயமும் போடுகிற கல்லாவில் பீர் போடக்கூடாது. உணவகத்துக்கென்று தனிக் கல்லா வேண்டும், சாப்பாடு வேண்டும், முப்பது பேர் உட்கார நாற்காலி வேண்டும். ஒரு தடவைக்குப் பன்னிரண்டு பெரிய டின்தான். இன்னும் வேண்டுமென்றால் அதைக் கொண்டுபோய்க் காரில் வைத்துவிட்டு மறுபடி வந்து வாங்கிக்கொள்ளலாம். ஏன் என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் கிடையாது. ஊரே சிரித்துக்கொண்டு காருக்கும் கல்லாவுக்கும் நடந்தது. பீர் வந்த பிறகுதான் கடை மூச்சுவிட்டது. உரிமம் போனால் மறுநாளே கடையை மூடிவிடுவதாக முதலாளி சொல்லியிருந்தார்.

பீர் கல்லாவில் இருந்தவள் வெர்னா ஹுடாக், அறுபத்தொரு வயது. சட்டத்தை எழுதியவர்கள்கூட அதை இவ்வளவு மதித்திருக்க மாட்டார்கள். கிறிஸ்தவர்கள் இறைச்சியை விட்டு மீன் தின்னும் தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, கல்லாவைப் பூட்டிவிட்டுச் சாப்பிடப் போனவள் இரண்டு மணிக்குத் திரும்பி வந்தாள். வழக்கம்போல நாற்காலிகளை எண்ணினாள். திரும்பவும் எண்ணினாள்.

"லெஸ்டர், இருபத்திரண்டுதான் இருக்கு. மிச்சம் எங்கப்பா?"

"தீயணைப்பு நிலைய ஹாலுக்குக் குடுத்தேன்க்கா. மீன் வறுவல் விருந்துக்குக் கூட்டம் தாங்கலையாம். என் தம்பி வந்து கேட்டான், வண்டில எட்டு ஏத்திவிட்டேன். ராத்திரி வந்துரும்."

"அப்ப பீரும் ராத்திரிதான்." வெர்னா கல்லாச் சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"யாரு வந்து எண்ணப் போறாங்கக்கா?"

"நான் எண்ணிட்டேனே."

வாரத்திலேயே பெரிய வியாபாரம் வெள்ளிக்கிழமைதான். வரிசை ரொட்டி அலமாரி வரைக்கும் வளர்ந்தது. சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஸ்டுஷ் வார்கோ முதல் ஆளாக நின்றார்.

"நான் நின்னுக்கிட்டே குடிச்சுக்கறேன் வெர்னா. எனக்கு நாற்காலியே வேணாம்."

"உனக்கு வேணாம் ஸ்டுஷ். சட்டத்துக்கு வேணும்."

வரிசை சிரித்தது. லெஸ்டருக்குத்தான் ரத்தம் தலைக்கேறியது. "கழுதைகூட ரெண்டு அடி நகரும்க்கா. நீங்க நகர மாட்டேங்கறீங்க. சாவியைக் குடுங்க."

சிரிப்பு நின்றுபோனது.

"முதல்ல என்னை வேலையை விட்டு நிறுத்து," என்றாள் வெர்னா. "அப்புறம் சாவி வாங்கிக்க."

லெஸ்டர் தம்பிக்குப் போன் போட்டான். அங்கே பந்தி ஆரம்பித்தாயிற்று. மீன் தின்றுகொண்டிருக்கிறவனை எழுப்பி நாற்காலியை உருவ முடியுமா?

"எட்டுதானே," என்று சொல்லிவிட்டு ஸ்டுஷ் வெளியே போனார். கால் மணி நேரத்தில், இருக்கை கிழிந்த ஒரு மஞ்சள் நாற்காலியோடு திரும்பினார். எல்லோருக்கும் தெரிந்த நாற்காலிதான். தன் வீட்டு வாசல் தெருவில் பனியை வாரிக் காருக்கு இடம் பண்ணி, அதைக் காக்கப் போட்டு வைத்திருந்தது. அந்த ஊரில் அடுத்தவன் போட்ட நாற்காலியை நகர்த்தினால் பத்து வருஷம் பேச்சுவார்த்தை இருக்காது. அதையே ஒருவர் தானாக எடுத்துவந்தால் மற்றவர்கள் எப்படிச் சும்மா நிற்பார்கள்? ஒவ்வொருவராகப் போய் அவரவர் நாற்காலியைத் தூக்கி வந்தார்கள். இடம் போனது போனதுதான்.

வெர்னா ஒவ்வொன்றிலும் உட்கார்ந்து பார்த்தாள். ஆடியதைத் திருப்பி அனுப்பினாள். மூன்று நாற்பதுக்கு முப்பதாவது நாற்காலி மேஜையோரம் நின்றது. அதன் பிறகுதான் கல்லாவில் சாவி திரும்பியது.

நாலேகாலுக்கு மதுக் கட்டுப்பாட்டு அதிகாரி வந்து நின்றாள். நடு வயதுப் பெண், முகத்தில் சிரிப்பே இல்லை. "மத்தியானம் ஒன்றரை மணிக்கு இங்கருந்து நாற்காலி ஏத்திட்டுப் போனதா புகார் வந்திருக்கு."

அவள் எண்ணினாள். முப்பது இருந்தது. கிழிந்த மஞ்சள் நாற்காலியைப் பார்த்துவிட்டு, கல்லாவின் ரசீதுச் சுருளைக் கேட்டாள். மத்தியானம் ஒன்று பன்னிரண்டுக்கு ஒரு விற்பனை. அடுத்தது மூன்று நாற்பத்தொன்று.

"நடுவுல ஒண்ணுமே இல்லையே?"

"நாற்காலி குறைஞ்சிருந்துச்சு," என்றாள் வெர்னா. "அதனால விக்கல."

அதிகாரி சுருளை மறுபடி ஒருமுறை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். "அப்ப இதுல எழுத எனக்கு ஒண்ணும் இல்ல," என்று திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

இரண்டரை மணிக்குத் தன் கைக்குச் சாவி வந்திருந்தால் அந்தச் சுருளில் என்ன இருந்திருக்கும் என்று லெஸ்டர் நினைத்துப் பார்த்தான். வெட்கமாக இருந்தது. கடையில் நாற்பது பேர் சம்பளம் வாங்குகிறார்கள். அத்தனை பேரையும் காப்பாற்றியது அவன் கழுதை என்று திட்டிய பிடிவாதம்தான். அவன் நேரே வரிசைக்கு முன்னால் போய் நின்றான்.

"வெர்னாக்கா, எல்லார் முன்னாடியும் வைஞ்சேன். அதனால எல்லார் முன்னாடியும் கேக்கறேன், மன்னிச்சுருங்க. இன்னைக்கு இந்தக் கடை நிக்குதுன்னா அது உங்களாலதான்."

வெர்னா நிமிர்ந்து பார்க்கவில்லை.

"தள்ளி நில்லு லெஸ்டர், ஆளுங்க காத்திருக்காங்க," என்றாள். ஆனால் அடுத்த ஆளின் பீரை மூன்று தடவை எண்ணினாள், மூன்று தடவையும் தப்பாக.