மாற்றி வைத்த கை

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா, கால் வலித்தால் நீட்டிக்கொள்ளுங்கள். முடிவெட்டுகிற ஒருத்தியின் கையைப் பற்றிய கதை இது. பயப்படாமல் கேட்கலாம், நல்லபடியாகத்தான் முடியும்.

அவள் கடையில் இரண்டே பேர். கத்தரி அவளுடையது, தலை அலசிவிடுவதும் தரை துடைப்பதும் நாத்தனார் பொறுப்பு. ஒரு நாள் நாத்தனார் சோப்புத் தண்ணீரை அரைகுறையாகத் துடைத்து வைக்க, இவள் வழுக்கி வலது கையை ஊன்றி விழுந்தாள். வீக்கம் என்னவோ லேசுதான். ஆனால் கத்தரியைப் பிடித்தால் மணிக்கட்டுக்குள் சுருக்கென்றது.

டாக்டரம்மா விளக்கிச் சொன்னார். மணிக்கட்டுக்குள் கூழாங்கல் மாதிரி எட்டுக் குட்டி எலும்புகளாம். கை வளையும்போது அவை ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி நகரவும் வேண்டும், விலகி ஓடிவிடவும் கூடாது. அதற்காகத்தான் லிகமென்ட் என்கிற நார் அவற்றைப் பிடித்து வைத்திருக்கிறது. அது அறுந்திருந்தால் எக்ஸ்ரே படத்தில் எலும்புக்கு நடுவே இடைவெளி தெரியும். அப்புறம் ஆபரேஷன்தான், மாதக்கணக்கில் கத்தரியைத் தொட முடியாது.

அவளுக்குக் கடை நினைப்புதான். கடை அத்தனை நாள் பூட்டிக்கிடந்தால் வருகிறவர்கள் வேறு நாற்காலி பார்த்துப் போய்விட மாட்டார்களா? எக்ஸ்ரே எடுப்பவர் எந்தக் கை என்று கேட்டபோது, பாவி மகள் என்ன செய்தாள் தெரியுமா? வலிக்காத இடது கையை நீட்டி, அவர் சொன்னபடி முஷ்டியை இறுக்கி மூடினாள். நல்ல கை நல்ல படம் கொடுக்கும், நாளைக்கே கடை திறக்கலாம் என்று கணக்கு.

டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். முகம் வாடிவிட்டது.

"இடைவெளி இருக்கேம்மா. நார் அறுந்திருக்கும் போல."

அவள் தன் இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வலியே இல்லாத கையிலா? அப்படியென்றால் இரண்டும் போச்சா? கூட வந்திருந்த நாத்தனார் எல்லாம் என்னால்தான் என்று விசும்ப ஆரம்பித்தாள். அதைப் பார்த்ததும் இவளுக்கு மனசு கேட்கவில்லை.

"அது வலிக்கிற கை இல்ல டாக்டர். நான்தான் கையை மாத்தி வெச்சுட்டேன்."

நாத்தனாரின் அழுகை சட்டென்று நின்றது. "நாள் பூரா கண்ணாடியைப் பார்த்து வெட்டுறீங்களே அண்ணி, அதுல வலது எது இடது எதுன்னே மறந்துபோச்சா?"

டாக்டரம்மா நன்றாகவே திட்டினார். திட்டிவிட்டு வலது கையைப் படம் எடுக்க அனுப்பினார். வந்த படத்தை முதல் படத்தோடு சேர்த்து வைத்துப் பார்த்தார். அச்சு அசலாக அதே இடைவெளி. அப்போதுதான் அவர் முகத்தில் சிரிப்பு வந்தது.

"உங்களுக்கு நார் பிறவியிலேயே கொஞ்சம் தளர்வு. அறுந்திருந்தா அடிபட்ட கையில மட்டும்தான் விலகியிருக்கும். இது சுளுக்குதான், பட்டை போட்டா சில வாரத்துல சரியாயிடும். எப்படியும் அடுத்த கையையும் எடுக்கச் சொல்லியிருப்பேன், நீங்க முந்திக்கிட்டீங்க."

வெளியே வந்து படிக்கட்டிலேயே உட்கார்ந்து பெருமூச்சு விட்டாள். நாத்தனாரோ அவள் முழங்கையைக் கண்ணாடிப் பாத்திரம் போல ஏந்திக்கொண்டே நின்றாள்.

"கையை விடுடி, ஒண்ணும் அறுந்து போகல," என்றாள் இவள். விடவில்லையே அவள், வீடு வரைக்கும்.

உங்கள் வீட்டிலும் எல்லாரும் அப்படியே, இறுக்கி நெரிக்காமல், விலகியும் போகாமல், ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு நல்லா இருங்கள் கண்ணுகளா.