ஹாலோவீன் கட்டுச்சோறு

கொரின் மாவை நாடா நாடாவாக வெட்டி சாஸேஜ்களின் மேல் சுற்றிக்கொண்டிருந்தபோது அவள் கணவன் ரஸல் வந்து சமையல் மேடையில் சாய்ந்து நின்றான். சுற்றும்போது ஓரிடத்தில் கொஞ்சம் இடைவெளி விட வேண்டும். வெந்து வந்ததும் அங்கே கடுகு விழுதால் இரண்டு புள்ளி வைத்தால் கண்கள். துணி சுற்றிய எகிப்தியப் பிணம், அதாவது மம்மி, தயார். பேய் வேஷப் பண்டிகையான ஹாலோவீன் சமயத்தில் இந்த டெமாய்ன் நகரத்தில் பாதி வீடுகளில் இதைத்தான் செய்வார்கள். பிணத்தைப் பல்லால் கடித்துத் தின்பதில் குழந்தைகளுக்கு அப்படியொரு ஆனந்தம். ஒரு தட்டு ஏற்கெனவே வெந்து ஆறிக்கொண்டிருந்தது, இன்னொன்று அடுப்பில் இருந்தது, அவள் கையில் இருந்தது மூன்றாவது. உரித்த ஆரஞ்சுகளின் தலையில் செலரித் துண்டு செருகிப் பூசணிக்காய்களாக்கி டப்பாவில் அடுக்கியிருந்தாள். பிளாஸ்டிக் கையுறைகளுக்குள் பாப்கார்னை அடைத்து, விரல் நுனிக்கு ஒரு மிட்டாய் வைத்து, சூனியக்காரியின் கைகளாக்கி முடிந்து வைத்திருந்தாள். சனிக்கிழமை மத்தியானம், பளிச்சென்ற வெயில், ஆனாலும் அவளுக்கு உள்ளங்கை வேர்த்து மாவு ஒட்டியது.

அவள் கணவனை விட்டுப் போகிறாள். இது அவளைத் தவிர இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருத்தி பக்கத்து ஊர் ஆங்கெனியில் இருக்கும் தோழி மார்லா. இன்னொருத்தி வடக்கே வெகு தூரத்தில், கொரின் பிறந்து வளர்ந்த டுலூத்தில், இவர்களுக்காக ஓர் அறையை ஒழித்து வைத்திருக்கும் பள்ளிக்கூடத்து சிநேகிதி. குழந்தைகளிடம்கூடச் சொல்லவில்லை. ஆறு வயது ஓடிஸின் வாயில் எதுவும் தங்காது. பத்து வயது டெஸ்ஸாவுக்கு எல்லாம் தங்கும், அதனால்தான் அவளிடம் சொல்ல மனம் வரவில்லை.

ரஸல் கொரின் மீது கை ஓங்கியது ஒரே ஒரு தடவை. அதற்குப் பிறகு அவனுக்கு அது தேவைப்படவில்லை. குரலை உயர்த்தாமல், சிரித்த முகத்தோடு, வீட்டையே மூச்சுப் பிடித்து நிற்க வைக்கும் சாமர்த்தியம் அவனுக்கு உண்டு. போன மாதம் டெஸ்ஸா பாலைக் கொட்டியதற்காக அவளைக் காரேஜில் பூட்டினான். பூட்டிவிட்டு வந்து வானொலியில் கால்பந்து கேட்டான். கொரின் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று, அந்தப் பக்கம் அழுகைச் சத்தமே வராததைக் கேட்டுக்கொண்டிருந்தாள். இனி இங்கே இருக்கக் கூடாது என்று அப்போதுதான் முடிவு செய்தாள்.

திட்டம் எளிமையானது. மார்லா வீட்டுக்கு என்று கிளம்ப வேண்டும். தன் செல்பேசியை அவளிடம் கொடுத்துவிட வேண்டும், ரஸலின் செல்பேசித் திரையில் அவள் இருக்கும் இடத்தைக் காட்டும் புள்ளி ஆங்கெனியிலேயே அசையாமல் இருக்கும். பிறகு வடக்கே ஒரே மூச்சாக ஓட்டம். பெட்டி எடுக்க முடியாது. வழியில் வங்கி அட்டையைத் தேய்த்துச் சாப்பாடு வாங்கினால் மறு நொடி அவனுக்குத் தெரிந்துவிடும். எனவே சாப்பாடு வீட்டிலிருந்தே போக வேண்டும், அதுவும் விளையாட்டுத் தின்பண்டம் போல வேஷம் போட்டுக்கொண்டு. ஹாலோவீன் வந்தால் அம்மாக்களுக்குக் கொஞ்சம் கிறுக்குப் பிடிக்கும், யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள் என்று கணக்குப் போட்டிருந்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான்.

ரஸல் ஆறிய தட்டிலிருந்து ஒன்றை எடுத்துக் கடித்தான். மெதுவாக மென்றான்.

"ஆங்கெனி இங்கேருந்து கூப்பிடு தூரம். இது ஒரு பட்டாளத்துக்குப் போதும் போலிருக்கே."

"மார்லா வீட்டு வாசலுக்கு மிட்டாய் கேட்டு வர்ற பசங்களுக்கும் சேத்துதான்," என்றாள் கொரின்.

சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. ஒரே வாக்கியத்தில் இரண்டு தப்பு. முதலாவது, வாசலுக்கு வரும் குழந்தைகளுக்கு வீட்டில் செய்ததை எவளும் கொடுக்க மாட்டாள். உறை பிரிக்காத கடை மிட்டாய்தான் கொடுப்பார்கள், மற்றதைப் பெற்றவர்கள் குப்பையில் போட்டுவிடுவார்கள். அதைவிடப் பெரிய தப்பு இரண்டாவது. ஊர் உலகமெல்லாம் குழந்தைகள் வேஷம் போட்டு மிட்டாய் கேட்டு முப்பத்தொன்றாம் தேதி வீடு வீடாகப் போகும்போது, டெமாய்னும் அதைச் சுற்றியுள்ள ஊர்களும் மட்டும் முப்பதாம் தேதியே போய் முடித்துவிடும். பிச்சைக்காரர் இரவு என்று அதற்குப் பெயர். ஒவ்வொரு வாசலிலும் குழந்தை ஒரு ஜோக் சொன்னால்தான் மிட்டாய். நேற்றுத்தான் டெஸ்ஸாவும் ஓடிஸும் போய் வந்தார்கள். இத்தனை வருஷம் இங்கே குப்பை கொட்டியும், பயத்தில் அவள் வாயில் வந்தது பிறந்த ஊரின் தேதி.

"அது நேத்தே முடிஞ்சு போச்சே, கொரின்," என்றான் ரஸல், ரொம்ப அன்பாக. "வீட்ல செஞ்சத யாரு வாங்குவா? யாருக்கு இவ்வளவு?"

சோளக்கதிர் வேஷத்தில் ஓடிஸ் உருண்டு வந்தான். நேற்றைய ஜோக் அவனிடம் இன்னும் மிச்சம் இருந்தது.

"அப்பா, பேய் பொய் சொன்னா ஏன் உடனே மாட்டிக்கிது, சொல்லு?"

"ஏன்டா?"

"அதுக்குள்ள இருக்கறதெல்லாம் வெளிய தெரியுதுல்ல."

ரஸல் சத்தமாகச் சிரித்தான். சிரித்துக்கொண்டே கொரினைப் பார்த்தான். பார்வையை அவன் எடுக்கவில்லை. அடுப்பில் தட்டு கருகும் வாசனை வந்தது. அவள் அதை எடுக்கத் திரும்பவில்லை. எல்லாம் முடிந்தது, இனி அவன் கார் சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவான் என்று நினைத்தாள்.

"கார் விழாப்பா," என்றது வாசல் பக்கமிருந்து ஒரு குரல்.

டெஸ்ஸா சூனியக்காரித் தொப்பியைச் சரிசெய்தபடி உள்ளே வந்தாள். மார்லா ஆன்ட்டியின் சர்ச்சில் இன்றைக்குக் கார் டிக்கிகளைத் திறந்து வைத்து அலங்காரம் செய்வார்களாம், நேற்றுச் சிலருக்கு வேலை இருந்ததால் இன்றைக்கு மாற்றிவிட்டார்களாம், ஆளுக்கொரு தட்டு பலகாரம் கொண்டு வரணுமாம். தண்ணீர் குடிப்பது போலச் சொன்னாள். பிறகு அடுப்புக் கையுறையை மாட்டிக்கொண்டு அடுப்பைத் திறந்து, தட்டை வெளியே எடுத்து வைத்தாள்.

"அம்மாவுக்கு எதுவுமே ஞாபகம் இருக்கறதில்லப்பா. நேத்துலேருந்து நாலு தடவ சொல்லிட்டேன்."

அம்மாவை மட்டம் தட்டினால் ரஸலுக்குப் பிடிக்கும். டெஸ்ஸாவுக்கு அது தெரிந்திருந்தது. அவன் மகளின் தொப்பியைத் தட்டிக்கொடுத்தான், இன்னொரு சாஸேஜை எடுத்துக்கொண்டான். போய்ச் சேர்ந்ததும் படம் எடுத்து அனுப்பச் சொன்னான். கொரின் தலையாட்டினாள். கருகியவற்றையும் விடாமல் டப்பாவில் போட்டாள்.

ஆங்கெனியில் மார்லா வாசலிலேயே நின்றிருந்தாள். செல்பேசியை வாங்கிக்கொண்டு, கொரினின் மணிக்கட்டைக் கொஞ்ச நேரம் பிடித்திருந்துவிட்டு விட்டாள். படம் கேட்டு அவன் செய்தி அனுப்புவான் என்று கொரின் எச்சரித்தாள். நெடுஞ்சாலை ஏறியதும் இருபுறமும் அறுத்து முடித்த சோளக்காடுகள். கொரின் சாலையைவிடக் கண்ணாடியைத்தான் அதிகம் பார்த்தாள். பின்னால் வந்த ஒவ்வொரு சாம்பல் நிற வண்டியும் ரஸலுடையதாகத் தெரிந்தது. மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். அவளுடைய கனம் இரண்டும் பின் இருக்கையில் இருந்தன.

கார் விழா எங்கே என்று ஓடிஸ் கேட்டான்.

"அப்படி ஒண்ணும் இல்லடா. சும்மா சொன்னேன்," என்றாள் டெஸ்ஸா.

டப்பாவைத் திறந்து அவனுக்கு இரண்டு மம்மியைக் கொடுத்தாள். அவன் மூன்றாவதற்குக் கை நீட்ட, மூடியை அழுத்தி மூடினாள்.

"அம்மா, இவனுக்கு இப்ப இது போதும். ராத்திரிக்கும் வேணும்ல."

கொரின் கண்ணாடியில் அவளைப் பார்த்தாள். எப்படித் தெரியும் என்று கேட்டாள்.

"அடியில உரிக்காத ஆரஞ்சு வச்சிருக்க. இன்னிக்கே தின்னு தீர்க்கறதுன்னா எல்லாத்தையும் பூசணிக்கா ஆக்கியிருப்ப."

அழலாம், ஆனால் கண் மறைத்தால் வண்டி ஓட்ட முடியாது. கொரின் ஜன்னலைக் கொஞ்சம் இறக்கினாள். பின்னாலிருந்து துணி உரசும் சத்தம் கேட்டது. புழுங்குதும்மா என்றாள் டெஸ்ஸா. இந்த ஊர்க் குளிருக்கு வேஷத் துணியை எல்லோரும் ஓர் அளவு பெரிதாகத்தான் வாங்குவார்கள், உள்ளே கோட்டுப் போட வேண்டுமே. ஆகவே யாரும் அவளை உற்றுப் பார்க்கவில்லை. கண்ணாடியில் சூனியக்காரியின் கறுப்பு அங்கி தலைவழியே போனது. உள்ளே நீல ஸ்வெட்டர். அதைக் கழற்றினால் பள்ளிக்கூடத்துக்குப் போடும் சிவப்பு ஸ்வெட்டர். அதன் கீழே பிறந்தநாள் கவுன், கவுனுக்குக் கீழே இரண்டு ஜீன்ஸ்.

ஒவ்வொன்றாக மடித்து மடியில் வைத்துவிட்டு, டெஸ்ஸா தம்பியின் பக்கம் திரும்பினாள். சோளக்கதிரின் பச்சை உறையை முதுகுப் பக்கம் அவிழ்த்து உரிக்க ஆரம்பித்தாள். ஓடிஸ் வாய் நிறைய மம்மியோடு இரண்டு கையையும் தூக்கிக் கொடுத்தான். ஒரு கோட்டு வந்தது, அதற்குள் இன்னொரு கோட்டு, அதற்குள் அவனுடைய இரவு உடை, இன்னும் வந்துகொண்டே இருந்தது.